தவமும் கூடாரமும்

நம் ஆலயங்களில் அணையா விளக்கின் ஒளியில் வீற்றிருக்கும் நற்கருணைப் பேழைக்கு இலத்தீன் மொழியில் 'தபெர்னாக்குலும்' என்று பெயர். அச்சொல்லின் நேர்ப்பொருள் கூடாரம் என்பதே. பொன்முலாம் பூசிய கதவும் பளிங்குத் தூண்களும் அமைத்து நாம் அழகுசெய்யும் அந்தச் சிற்றறைக்குப் பெயர் கொடுத்தது, பாலை நிலத்தில் முளையடித்துக் கயிறு கட்டிய ஒரு துணிவீடு. தாவீது மன்னன் கேதுரு மரத்தால் கோயில் எழுப்ப எண்ணியபோது, எகிப்திலிருந்து மக்களை அழைத்து வந்த நாள் முதல் தாம் கூடாரத்திலேயே உலவி வந்ததை நாத்தான் இறைவாக்கினர் வழியாக இறைவன் நினைவூட்டினார். வாக்கு மனிதர் ஆனதைச் சொல்ல வந்த யோவானும், கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே தேர்ந்துகொண்டார்.

இவற்றையெல்லாம் குருமடத்தில் கற்றோம். மறையுரைகளிலும் சொல்லி வருகிறோம். ஆனால் ஒரு கூடாரத்தை விலை கேட்டு, துணியைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்கவேண்டிய தேவை எங்கள் பங்கிற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் எழுந்தது. அந்த அனுபவம் எனக்கு விவிலியத்தின் சில பக்கங்களைப் புதிதாகத் திறந்து காட்டியது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் பங்கு மக்கள் திருச்சிப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்கிறார்கள். காவி உடுத்தி, மாதா சுரூபம் தாங்கிய சிறு தேரை இழுத்துக்கொண்டு, தஞ்சை, திருவாரூர், நாகை வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. நடப்பார்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திற்கும் செப்டம்பர் 8 ஆரோக்கிய அன்னையின் பெருவிழாவிற்கும் இடையே எந்த நாளில் போய்ச் சேர்ந்தாலும் வழியில் ஐந்தாறு இரவுகள் தங்கியாக வேண்டும். பங்கு ஆலய வளாகங்களும் பள்ளித் தாழ்வாரங்களும் கிடைக்கும் இரவுகள் நல்லவை. கிடைக்காத இரவுகளில் சாலையோர மைதானமே வீடு, தார்ப்பாயே கூரை.

அந்தப் பருவம் எப்படிப்பட்டது என்பதை டெல்டாக்காரர் அறிவர். பகலெல்லாம் வெயில் காய்ச்சும். மாலையில் மேற்கே மேகம் திரண்டு, இடியோடு ஒருமணி நேரம் கொட்டித் தீர்க்கும். மேட்டூர்த் தண்ணீர் வந்த ஆண்டுகளில் வாய்க்கால்களெல்லாம் நிறைந்து ஓடும். வயல் இருக்கும் இடத்தில் எலியும் தவளையும் இருக்கும். அவை இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் படுத்துறங்குவோரைத் தீண்டுவது. அதன் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாததால், கடிபட்டவர் எறும்பு என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவதும் உண்டு. அந்த ஆண்டு எங்கள் மக்கள் ஊர் திரும்பியபோது, ஒரு விடியலில் பாயைச் சுருட்டியவர்கள் அதன் மடிப்பில் கட்டுவிரியன் ஒன்றைக் கண்ட செய்தியையும் கொண்டுவந்தார்கள். அன்னையின் அருளால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

அடுத்த ஆண்டுப் பயணத்திற்கு முன்பு பங்குப் பேரவை கூடியது. பெருவிழாவின் வண்ணவிளக்கு அலங்காரத்திற்கென 35,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு கூடாரங்கள் வாங்கலாம் என்று இளைஞர் ஒருவர் எழுந்து சொன்னார். உடனே எதிர்ப்பும் எழுந்தது. பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர், "திருப்பயணம் என்றாலே தவம்தானே சாமி? மழையும் வெயிலும் வேண்டாம் என்றால் பேருந்தில் போய்விடலாமே" என்றார். பலர் தலையசைத்தனர். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வசதியைத் துறப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான்.

அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், அன்பியக் கூட்டங்களில்கூட வாய் திறந்து பேசாதவர், மெல்ல எழுந்தார். "மழையில நனையறது தவம்தான் சாமி. காலு கொப்புளிக்க நடக்கறதும் தவம்தான். ஆனா வயசுப் பொண்ணுங்களைப் பக்கத்துல படுக்கவச்சுட்டு, ரோட்டுல போறவன் வர்றவனைப் பார்த்துக்கிட்டு, நாங்க நாலு கிழவிங்க முறைபோட்டு விடியவிடிய உக்காந்திருக்கோமே, அது தவமில்லை. அது பயம்."

அவையில் யாரும் பேசவில்லை. ஆண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அவர்களோடு நடந்தவர்கள். தாங்கள் உறங்கிய இரவுகளில் யாரோ விழித்திருந்தார்கள் என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

தவத்திற்கும் துன்பத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த எளிய சொற்களில் அடங்கியிருந்தது. தவம் என்பது நானே விரும்பி என்மேல் ஏற்பது. பிறர்மேல் நான் சுமத்துவது தவம் ஆகாது. அவர்கள் வாய் திறவாது சுமப்பதை அவர்களுடைய தவம் என்று நான் புகழ்வதும் முறையாகாது. கூடாரம் வாங்குவது என்று முடிவாயிற்று. எதிர்த்துப் பேசிய பெரியவரே வாங்கும் குழுவிலும் சேர்ந்தார்.

இனி எப்படிப்பட்ட கூடாரம் என்பது அடுத்த கேள்வி. விலை நம் கைக்கு எட்ட வேண்டும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். எளிதில் நிறுத்த முடிய வேண்டும். இம்மூன்றும் ஒரே பொருளில் முழுமையாகக் கிடைப்பது அரிது. ஆதலால் எதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே தெரிவின் சாரம்.

பழைய கித்தான் கூடாரங்கள் நெடுநாள் உழைக்கும். ஆனால் நனைந்தால் இருவர் சேர்ந்தும் தூக்க இயலாத கனம். உறையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்து நிற்கும் வகையும் உண்டு. கடைக்காரர் அதைக் காட்டியபோது எங்கள் இளைஞர்கள் கைதட்டினார்கள். ஆனால் அதை மறுபடி மடக்கி வட்டமாகச் சுருட்ட அவர்கள் பட்ட பாடு, அதிகாலை நான்கு மணிக்கு இருட்டில் கிளம்பும் பயணிகளுக்கு ஏற்றதன்று. இறுதியில் வளையும் இரு கழிகளைக் குறுக்கே கோத்து நிறுத்தும் குவிமாட வகையை எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு நன்மை உண்டு. முளை அடிக்காவிட்டாலும் அது தன் கழிகளின் வலிமையில் நிற்கும். பள்ளி மைதானத்தின் இறுகிய தரையில் முளை இறங்காது. வயலோரச் சேற்றில் இறங்கினாலும் நிற்காது. எனினும் காற்று எழும் இரவில் முளையும் கயிறும் இன்றியமையாதவை. இல்லையேல் கூடாரமே பட்டமாகிவிடும்.

உழைப்பைப் பொறுத்தவரை விலைச்சீட்டைவிடத் தையலைப் பார்ப்பது நல்லது. துணியில் நீர் ஊடுருவாத தன்மையை மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். அத்துணியின்மேல் எத்தனை மி.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். மேல்விரிப்பு 1,500 மி.மீ. தாங்கினால் நம் மழைக்குப் போதும். உடல் அழுத்திப் படுக்கும் தரைத்துணி அதனினும் மிகுதியாகத் தாங்க வேண்டும். துணி நல்லதாயிருந்தும் தையல் துளைகளின்மேல் உள்ளே பட்டை ஒட்டப்படாவிட்டால் நீர் அவ்வழியே இறங்கும். தரைத்துணி நான்கு புறமும் ஒரு சாண் உயர்ந்து சுவரோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். வாயிலில் வலையும் அதற்கு ஜிப்பும் வேண்டும். கொசுவை மட்டுமல்ல, கட்டுவிரியனையும் வெளியே நிறுத்துவது மூடிய அந்த ஜிப்புதான். கழிகளில் அலுமினியம் உறுதியானது, விலை கூடியது. ஃபைபர் கழி மலிவு, ஆனால் முறுக்கினால் பிளக்கும். நாங்கள் மலிவானதை வாங்கி, பிளந்த இடத்தில் செருகிக்கொள்ள உலோகக் குழல்களையும் சேர்த்துக்கொண்டோம். 'நால்வருக்கு' என்று அச்சிட்ட கூடாரத்தில் மூட்டைமுடிச்சோடு மூவர்தாம் படுக்கலாம்.

எளிமையைச் சோதிக்க அந்த மூதாட்டியையே அழைத்தோம். பொழுது சாய்ந்தபின், எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தியும் அவரும் ஒரு டார்ச்சு விளக்கோடு ஆலய முற்றத்தில் கூடாரத்தை நிறுத்த வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. முதல் வகைக்கு அரைமணி நேரம் ஆனது. அதைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்ததைப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு அதன்மேல் ரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சினோம். பேத்தி உள்ளேயிருந்து, "சொட்டலை ஃபாதர்!" என்று கூவினாள். அதையே தேர்ந்தோம். ஒன்று 3,800 ரூபாய் வீதம் 9 கூடாரங்களுக்கு 34,200 ரூபாய் ஆயிற்று. அவ்வாண்டு நடந்தவர் 42 பேர். அவர்களுள் பெண்களும் சிறுமியருமாக 26 பேர். கூடாரங்களில் 27 இடங்கள். மிஞ்சிய ஓர் இடம் மருந்துப் பெட்டிக்கு. ஆண்கள் வழக்கம்போல் தார்ப்பாயின்கீழ்ப் படுத்தார்கள். கொசுவலைகளை மட்டும் புதிதாகக் கொண்டுபோனார்கள்.

அந்நாள்களில் விடுதலைப் பயண நூலின் 26ஆம் அதிகாரத்தை மீண்டும் படித்தேன். அளவுகளும் கொக்கிகளும் நிறைந்த அப்பகுதியைப் பலரும் விரைந்து கடந்துவிடுவதுண்டு. உள்ளே மெல்லிய நார்த்துணித் திரைகள் பத்து. அவற்றின்மேல் வெள்ளாட்டு உரோமத் திரைகள் பதினொன்று. அதன்மேல் இருவகைத் தோல்விரிப்புகள். உரோமத் திரை உள்துணியைவிட நீளமானது. இருபுறமும் ஒரு முழம் கூடுதலாகத் தொங்கும். மழைக்காக மேல்விரிப்பை இழுத்துக் கட்டிய எவருக்கும் அந்த ஒரு முழத்தின் அருமை புரியும். ஆட்டு உரோமத் துணி நனைந்தால் இழை பருத்து இடைவெளிகள் அடைபடும். வெயிலில் உலர்ந்தால் தளர்ந்து காற்றை விடும். பாலைநில நாடோடி மக்கள் அத்தகைய கூடாரங்களைக் காலங்காலமாக நெய்து வந்தார்கள். பவுல் அடிகளார் பிறந்த தர்சு நகர் அமைந்த சிலிசியா, அந்த உரோமத் துணிக்குப் பெயர்போனது. கொரிந்து நகரில் அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கிச் செய்த தொழிலும் கூடாரத் தொழிலே. மண்ணுலக உடலை அவர் கூடாரத்திற்கு ஒப்பிட்டு எழுதியபோது, அது ஏட்டு உவமையாக அவருக்குத் தோன்றியிராது. ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள் அறிந்த உவமை அது.

உலக ஆயர் மாமன்றத்திற்கான தயாரிப்பில், 2022 அக்டோபரில் வெளிவந்த கண்டங்கள் அளவிலான ஏடு, எசாயாவின் கூடார உருவகத்தைத் தன் தலைப்பாக எடுத்துக்கொண்டது. கூடாரத்தின் இடத்தை அகலமாக்கவும், கயிறுகளை நீட்டவும், முளைகளை உறுதிப்படுத்தவும் இறைவாக்கினர் அழைக்கிறார். துணியை விரிக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் விரிவு கூடக்கூடக் கயிறு நீள வேண்டும், முளை ஆழமாக இறங்க வேண்டும் என்பதைக் காற்றடிக்கும் இரவில் கூடாரத்தில் படுத்தவர் அறிவர். நம் பங்குகளில் புதியவர்களுக்கு இடம் தருவோம் என்கிறோம். அதற்காக எந்த விளக்கு அலங்காரத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே முளையின் ஆழம்.

கூடாரம் வாங்க எண்ணும் பங்குகளுக்குச் சில சொற்கள். உள்ளே மெழுகுதிரியோ கொசுவத்தியோ ஒருபோதும் ஏற்றலாகாது. இத்துணி நொடியில் உருகி எரியும். மாதாவுக்கு ஏற்றும் விளக்கு வெளியே, எட்டத்தில் இருக்கட்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைத் தேக்கி உள்ளே அனுப்பும். அதை உட்புறமாக மடித்துவிடுங்கள். விடியலில் உட்சுவர் ஈரமாயிருந்தால் ஒழுகிவிட்டதாக அஞ்ச வேண்டாம்; உறங்கியவர்களின் மூச்சே அங்கே நீராகப் படிந்திருக்கும். காற்றுவழிகளைத் திறந்து வையுங்கள். லாரி ஓடும் சாலையோரத்தில் எந்தக் கூடாரமும் காப்பாகாது. மைதானத்தின் உட்பக்கமே தங்குங்கள். ஊர் திரும்பியதும் நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் இழை நைந்துபோகும்.

எங்களுடைய ஒன்பது கூடாரங்களும் இன்று ஆலயத்தின் பொருளறையில் இருக்கின்றன. கேட்கும் பங்குகளுக்கு இரவலாகவும் கொடுக்கிறோம். ஒன்றில் கழி பிளந்து குழல் செருகியிருக்கிறது. இரண்டில் ஜிப்பு மாற்றியாயிற்று. நடைப்பயணம் முடிந்து வந்தவர்களிடம், "இரவில் உறங்கினீர்களா?" என்பதே இப்போது என் முதல் கேள்வி. "நல்லாத் தூங்கினோம் சாமி" என்று அந்த மூதாட்டியும் அவருடைய தோழியரும் சொல்வதைக் கேட்கும்போது, அவ்வாண்டுத் திருப்பயணத்தின் முதல் வரம் கிடைத்துவிட்டதாகவே நான் எண்ணுகிறேன்.