முகத்துக்கு அவசரம் ஆகாது

கன்னத்தில் சிறு பருக்கள் என்றால் பல மருந்துக்கடைகளில் சீட்டு கேட்காமலே ஸ்டீராய்டு களிம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். சில நாள் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும். நிறுத்தினால் பருக்கள் பெருகும். இத்தகைய களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்க 2018-இல் மத்திய அரசு தடை விதித்தது. தில்லியில் எங்கள் தெருக்கடைக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று அண்ணன் மகளுக்கு அண்ணி அதைத்தான் வாங்கி வந்தார். தடுத்தேன், மனஸ்தாபம். இருவேளை மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான நீர், தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுப்பது, கிள்ளக் கூடாது, தலை எண்ணெய் நெற்றிக்கு இறங்கக் கூடாது. இவ்வளவுதான் வீட்டு வைத்தியம். பலன் தெரிய ஆறேழு வாரமாகும். வருகிறவர்கள் பருவோடுதான் பார்க்கட்டுமே! வலித்தாலோ, தழும்பு விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் நானே அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறேன்.