நாடாக்களில் இருக்கிறது ஊர்

கோவில்பட்டியில் உள்ளூர் சேனல் நடத்துகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போக வேண்டும். பகலில் கேமரா ஏதாவது கல்யாண மண்டபத்திலோ பள்ளி ஆண்டு விழாவிலோ இருக்கும். லைன்மேன்கள் கம்பத்தில் இருப்பார்கள். எடிட்டிங் பார்க்கிற பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். ஐந்துக்கு மேல் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். ஆறரைக்கு வாழ்த்து, ஏழுக்கு ஊர்ச் செய்தி. அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

நான் போனது ஒரு செல்போன் கடையின் மாடிக்கு. ஏ.சி. போட்ட சின்ன அறை ஒன்று. அதைக் கண்ட்ரோல் ரூம் என்கிறார்கள். வெளியறையில் ஒரு சுவர் முழுக்கப் பச்சைத் துணி கட்டியிருக்கிறது; அதுதான் ஸ்டூடியோ. செய்தி வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்தால் திரையில் அவருக்குப் பின்னால் செண்பகவல்லி அம்மன் கோயில் கோபுரம் தெரியும். ஒரு மூலையில் இரும்பு பீரோ. அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும்.

சேனலை நடத்துகிறவரை எல்லாரும் அண்ணாச்சி என்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர். அவர் தொழிலுக்கு வந்த கதை ஆன்டெனா காலத்தில் தொடங்குகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலை இந்தக் கரிசல் பக்கம் எட்டவில்லை. எட்டியது கடலுக்கு அந்தப் பக்கத்து அலைதான். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், தென் மாவட்டங்களில் வசதியுள்ளவர்கள் மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து அதைப் பிடித்தார்கள். காற்று திசை மாறினால் ஒருவர் மாடிக்கு ஏறிக் குழாயைத் திருப்ப வேண்டும். கீழே டிவி முன்னால் இருப்பவர் ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும். கொடைக்கானலில் சக்தி வாய்ந்த ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் சென்னை நிகழ்ச்சிகள் இங்கே ஒழுங்காகத் தெரிந்தன. அந்தக் குழாய் நடும் வேலையில்தான் அண்ணாச்சி தொழில் கற்றார்.

அடுத்து டெக் வாடகை. டிவியும் வீடியோ டெக்கும் நான்கு கேசட்டும் சைக்கிளில் ஏற்றிப்போய், விடிய விடியப் படம் போட்டுவிட்டு காலையில் திரும்ப எடுத்து வருவது. ஒரு வீட்டில் போட்ட படத்தைப் பக்கத்து வீட்டுக்கும் ஒயர் இழுத்துக் கொடுக்கலாமே என்று யாருக்கோ தோன்றியது. தமிழ்நாட்டின் கேபிள் தொழில் அந்த ஒயரில் பிறந்தது. 1991 வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியபோது பெரிய டிஷ் ஊர்களுக்குள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் கேபிள் இணைப்பு இல்லாத வீடு கேள்விக்குரியதாகிவிட்டது. ஆனால் இந்தப் பெரிய சேனல்கள் எல்லாம் வருவதற்கு முன்பே, டெக்கை மாடுலேட்டரில் செருகி, டிவியில் காலியாக இருக்கும் ஒரு எண்ணில் கேபிள்காரர்கள் சொந்தமாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதுதான் உள்ளூர் சேனல்.

முதலில் அதில் ஓடியவை சினிமாக்கள்தான், பெரும்பாலும் உரிமை வாங்காமல். தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் அதனால் பட்ட நஷ்டம் உண்மையானது. அதை நியாயப்படுத்த முடியாது. அண்ணாச்சியும் நியாயப்படுத்தவில்லை. 1995-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்ய வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் விதி உண்டு என்று ஆனது. சினிமாவை மட்டும் நம்பிச் சேனல் நடத்த முடியாது என்ற நெருக்கடியில்தான் கேமராவை வாங்கித் தெருவுக்கு இறங்கினார்கள். இந்தத் தொழிலின் நல்ல காலம் அங்கே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

தேரோட்டத்தை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது இந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடியது. பங்குனித் திருவிழாவில் தேர் வரும் வீதிகளில் அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். குறுக்கே போகும் கம்பிகளை எல்லாம் இறக்க வேண்டும், இல்லையென்றால் தேர் நகராது. கேபிள் ஒயரும் அதில் சேர்ந்தது. அதாவது, ஊர் முழுக்கச் சேனலைப் பார்க்க உட்காரும் நாளில், சேனல்காரர்கள் தங்கள் ஒயரைத் தாங்களே அவிழ்த்துச் சுருட்ட வேண்டும். முந்தின ராத்திரி முழுக்க லைன்மேன்கள் ஏணியோடு அலைவார்கள். தேர்வீதியைச் சுற்றிக்கொண்டு, வேறு தெருக்கள் வழியாகத் தற்காலிகமாக ஒரு லைன் இழுப்பார்கள். தூரம் கூடக் கூடப் படம் மங்கும். இடையிடையே ஆம்ப்ளிஃபயர் மாட்ட வேண்டும். அதற்கு மின்சாரம் இருக்கும் வீடாகப் பார்த்துக் கேட்க வேண்டும். தேர் நிலைக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி பழைய இடத்தில் கட்ட வேண்டும். வீதியில் இருப்பவர்களுக்கு டிவி தெரியாது, அவர்களுக்குத்தான் தேரே வாசலுக்கு வருகிறதே. நடக்க முடியாத கிழவிகளும், பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் பெண்களும், டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் அத்தனை பாடும்.

இப்போது ஒரு லேப்டாப்பில் விமிக்ஸ் மென்பொருள், மூன்று கேமரா, ஃபைபர் லைன். வேலை சுலபமாகியிருக்கிறது. ஆனாலும் கேமராக்காரரின் கை சுலபமாகக் கிடைத்ததில்லை. வடம் பிடிக்கும் கூட்டத்தின் மேல் அவர் கேமராவை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு முகமும் தெரியும்வரை நிறுத்துகிறார். பெரிய சேனல்களில் தேரையும் அம்மனையும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் இத்தனை நேரம் கூட்டத்தைக் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "அம்மனப் பாக்க கோயிலுக்கே போயிருவாக சார். டிவில அவுக தேடுறது அவுக சின்னம்மாவ, மாமன் மகள, வடம் பிடிக்கப் போன பேரன" என்றார். உள்ளூர் நிகழ்ச்சித் தயாரிப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு திருவிழா உண்டு, ஹாக்கி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி, தமிழ்நாட்டில் ஹாக்கிக்கும் பேர்போனது. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது வடக்கே இருந்தெல்லாம் அணிகள் வரும். ஹாக்கியைப் படம் பிடிப்பது கிரிக்கெட்டைப் பிடிப்பது போல் இல்லை; பந்து சின்னது, வேகம் அதிகம், பெனால்டி கார்னரில் கண்ணிமைக்கும் நேரத்தில் கோல் விழுந்துவிடும். பந்தைத் துரத்தாதே, மட்டையைப் பார், அது ஓங்கும் திசையைப் பார் என்று கேமராக்காரர் தன் உதவியாளருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவரே பள்ளி அணியில் ஆடியவர். வர்ணனை சொல்கிறவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு படம் சில விநாடி தாமதமாகத்தான் வீட்டுக்குப் போகிறது. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் முதலில் கூச்சல் கேட்கும், பிறகுதான் டிவியில் கோல் விழும்.

வாழ்த்து நிகழ்ச்சியைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். எடிட்டிங் பார்க்கிற பெண்ணின் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். பிறந்த நாள், பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால் போகின்றன. முன்பு போட்டோவைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பெயர்களை அடித்து முடித்ததும் அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஒரு தடவை வாசித்துக் காட்டுகிறார். இனிஷியல் மாறக்கூடாது. அஞ்சலியில் மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி என்ற வரிசை பிசகக்கூடாது. ஒரு பெயர் விட்டுப்போனால் அது ஒரு குடும்பத்தில் வருஷக்கணக்கில் பேச்சாகிவிடும். நான் இருந்த அன்றைக்கு ஒரு பாட்டியின் மரணச் செய்தி வந்தது. அந்த அம்மாவைத் தனியாக எடுத்த போட்டோவே வீட்டில் இல்லை. ஆதார் அட்டைப் படம் கறுத்துப்போயிருந்தது. யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் அவர் நிற்பதைக் கண்டுபிடித்து அனுப்பினார். எடிட்டிங் பார்க்கிற பெண், பாட்டியின் பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையை அழித்து, முகத்தைத் துலக்கி, பின்னால் இளநீலம் போட்டு, நெற்றியில் திருநீறு சரியாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார். ஏழு மணிக்குள் அது போயாக வேண்டும். போனது.

வருமானம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, தனியார் பள்ளி, தீபாவளிக்கு மிட்டாய்க்கடை. தேர்தல் நேரத்தில் அரசியல் விளம்பரத்துக்கு மாவட்டச் சான்றளிப்புக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-இல் தொடங்கப்பட்டு, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தோடு மறுபடி இயங்கத் தொடங்கியது. 2017-இல் அரசு செட்டாப் பாக்ஸ் வந்தது. பழைய முறையில் ஊருக்குள் ஒயர் இருந்தால் போதும், சேனல் எல்லா வீட்டிலும் தெரியும். டிஜிட்டலில் பெரிய நிறுவனத்தின் பட்டியலில் ஒரு எண் கிடைத்தால்தான் தெரியும். இந்த மாற்றத்தில் நின்றுபோன ஊர்ச் சேனல்கள் நிறைய. நிற்காதவர்கள் இப்போது யூடியூபிலும் அதே நிகழ்ச்சியைப் போடுகிறார்கள், ஏனென்றால் பிள்ளைகள் கேபிள் இணைப்பையே வேண்டாம் என்கிறார்கள்.

2022 நவம்பர் 30 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கேபிள் நிறுவனங்களின் சொந்தச் சேனல்களுக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சேனல் வைக்கக்கூடாது. உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒளிபரப்பிய நிகழ்ச்சியின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. புகார் வந்தால் பார்ப்பதற்காக அந்த 90 நாள். அதற்குப் பிறகு வைத்திருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் அந்த இரும்பு பீரோ வருகிறது. மேல் தட்டில் வி.எச்.எஸ். கேசட்டுகள். நடுத்தட்டில் பிடி 170 கேமரா காலத்து மினி டிவி (MiniDV) நாடாக்கள், விரல் நீளம் ஒவ்வொன்றும். கீழ்த்தட்டில் வி.சி.டி.களும் ஹார்ட் டிஸ்க்குகளும். சிலவற்றின் மேல் மட்டும் பேனாவில் எழுத்து: தேர், ஹாக்கி ஃபைனல், நகராட்சி, தீப்பெட்டி பொம்பளைங்க பேட்டி. கடைசியாகச் சொன்னதை எடுத்துப் போடச் சொல்லிக் கேட்டேன். ஓடும் நிலையில் இருந்த ஒரே கேமராவை டிவியில் இணைத்துப் போட்டார்கள். கையால் குச்சி அடுக்கிய நாட்களின் பெண்கள். வேகம் நம்ப முடியாததாக இருக்கிறது. கேமராவைப் பார்க்காமல், கையை நிறுத்தாமல், தீபாவளி போனஸ் பற்றியும் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் பேசுகிறார்கள். இன்றைக்கு அந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரம் செய்கிறது. அந்தக் கைகள் வேலை செய்த விதம் படமாக இருப்பது இந்த மாதிரி பீரோக்களில்தான். அதுவும் முழுதாக இல்லை. பாதியில் படம் வெட்டி, ஒரு பள்ளி விழா தொடங்கிவிட்டது. நாடா வாங்கக் காசில்லாத காலத்தில் பழையதன் மேலேயே பதிவு செய்திருக்கிறார்கள். தூர்தர்ஷனே தன் நாடாக்களை அப்படி அழித்து எழுதியிருக்கிறது. இவர்களைக் குறை சொல்ல முடியாது.

மிச்சமிருப்பதும் நிற்காது. வி.எச்.எஸ். நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. மினி டிவி நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் துளை வேண்டும். இப்போது விற்கும் லேப்டாப்பில் அது கிடையாது. ஒரு மணி நேர நாடாவை ஏற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். கிட்டத்தட்ட 13 ஜி.பி. இடம் பிடிக்கும். பழைய எடிட்டிங் கோப்புகளைத் திறந்தால் பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. இதற்கெல்லாம் ஆள் வைக்க அண்ணாச்சியிடம் பணமில்லை. "தூக்கிப் போட மனசு வரல" என்று மட்டும் சொன்னார்.

தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகளைப் பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் இப்போது யூடியூபில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுகிறது. அரசு நிலையத்துக்கு அது நடந்திருக்கிறது. ஊர்ச் சேனல்களுக்கு அதைச் செய்ய யாரும் இல்லை. காட்சித் தொடர்பியல் பாடம் நடத்தும் கல்லூரி பக்கத்தில் இருக்கும் ஊர்கள் எத்தனையோ. மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது. ஓடும் நிலையில் ஒரு டெக், ஒரு மினி டிவி கேமரா, ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் தொடங்கிவிடலாம். வி.எச்.எஸ்.ஸை முதலில் ஏற்ற வேண்டும், அதற்குத்தான் இயந்திரமும் உதிரி பாகமும் வேகமாக மறைகின்றன. ஏற்றும்போதே ஊர்ப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் வருகிறவர் யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் இருக்கும்போதுதான் இது முடியும். உங்கள் ஊரிலும் கேபிள் ஆபீஸ் மாடியில் இப்படி ஒரு பீரோ இருக்கும். தயவுசெய்து இந்த வருஷமே போய்க் கேளுங்கள்.