பெருநாள் பிறையும் கிண்ணக் கேக்கும்

பெருநாளன்று அண்டை வீட்டாருக்குப் பண்டம் கொடுத்தனுப்புவது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கம். ஆயினும், பகற்பொழுதின் பெரும்பகுதியை நாம் கழிப்பது அலுவலகத்தில் அல்லவா? அங்கே பக்கத்து மேசைக்காரரே நமக்கு அண்டை வீட்டார். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவர், உடன் பணிபுரியும் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர்.

2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, அவர் தம் கையால் சுட்ட சின்னஞ்சிறு கேக்குகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் சர்க்கரையால் ஒரு நட்சத்திரம். எல்லாரிடமும் பெட்டியை நீட்டியவர், நமக்கு மட்டும் தனிப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தந்தார். “மற்றவற்றில் திராட்சையை ரம்மில் ஊறவைத்தேன். உங்களுடையதில் ஆரஞ்சுச் சாறுதான்” என்றார். நாம் கேளாமலே நம்மை எண்ணிப் பார்த்த அந்தப் பண்பு நெஞ்சை நிறைத்தது.

நாமும் அவ்வாறு செய்ய விழைந்தோம். அமெரிக்காவில் அமேலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி 1796இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே, சிறு கிண்ணங்களில் சுடும் கேக்கைப் பற்றிய குறிப்பு உண்டு. கத்தி வேண்டாம், பெரிய துண்டு, சிறிய துண்டு என்ற பேச்சில்லை, ஆளுக்கு ஒன்று. அலுவலகத்திற்கு இதைவிட ஏற்றது எது?

2024 ஏப்ரல் 11 நோன்புப் பெருநாள். மறுநாள், வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் குழைத்துப் பிறை வரைந்த 24 கேக்குகளுடன் புறப்பட்டோம். சென்னை வெயிலில் பேருந்துப் பயணம் முடிவதற்குள், வளர்பிறையா தேய்பிறையா எனத் தெரியாதபடி அத்தனையும் உருகி வழிந்திருந்தன. நண்பர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே உண்டார்கள்.

கணக்குப் பிரிவுப் பெரியவர் இரு கைகளாலும் வாங்கி நன்றி கூறினார். மாலையில் வீடு திரும்பும்போது, அந்தக் கேக் காகிதம் பிரிக்கப்படாமல் வாயிற்காவலரின் மேசையில் இருக்கக் கண்டோம். அவர் முட்டை உண்ணாதவர். பல்லாண்டுகள் ஒன்றாக அமர்ந்து உணவருந்தியும், அது நம் நினைவுக்கு வராமற் போயிற்று. ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய திராட்சையை எண்ணி நாணினோம். கொடுக்கும் ஆர்வம் நம்மிடம் இருந்தது. பெறுபவரைப் பற்றிய எண்ணம் இல்லை.

மறு ஆண்டு முட்டையின் வேலையைத் தயிரிடமும் சோடா உப்பிடமும் ஒப்படைத்தோம். தயிரின் புளிப்பு சோடாவுடன் கூடியதும் கரியமில வாயு பிறந்து மாவை உப்பச் செய்யும். ஆனால் அது காத்திராது. மாவைக் கலந்து வைத்துவிட்டு மக்ரிப் தொழச் சென்றோம். திரும்பி வந்து சுட்டவை அடைபோல் தட்டையாயின. அடுத்த முறை அடுப்பைச் சூடேற்றி வைத்த பிறகே கலந்தோம். 1½ கிண்ணம் மைதா, 1 கிண்ணம் தயிர், ¾ கிண்ணம் சர்க்கரை, ½ கிண்ணம் எண்ணெய், ½ தேக்கரண்டி சோடா உப்பு, 1¼ தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது ஏலப்பொடி; 180 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடம். பன்னிரண்டும் பூப்போல் எழும்பின. இருமுறை சுட்டு இருபத்து நான்காக்கினோம்.

பிறைக்கு என் செய்வது? முந்திரிப் பருப்பைக் கையில் எடுத்ததும் வழி பிறந்தது. இறைவன் அதைப் படைத்ததே பிறை வடிவில்தானே! வெயிலுக்கு அது உருகவும் செய்யாது.

2025 மார்ச் 31 பெருநாள். மறுநாள் முதற் கேக்கைப் பெரியவரிடமே நீட்டி, “இதில் முட்டை இல்லை, ஐயா” என்றோம். ஒரு கணம் நம் முகத்தையே நோக்கினார். பின்பு முந்திரியை எடுத்து உயர்த்திப் பார்த்து, “பிறை தெரிந்துவிட்டது, இனிப் பெருநாள்தான்” என்று வாயில் இட்டுக்கொண்டார்.

அன்று மாலை அவர் நம் மேசையருகே வந்து நின்றார். சற்றுத் தயங்கி, “வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறான்; இன்னும் ஒன்று மீதி இருக்குமா?” என்று கேட்டார். நமக்கென வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தோம்.