கிணற்றுச் சாவி

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்பாக இருக்கிறது எங்கள் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் பேருந்தில் நிற்கவும் இடமிராது. அந்த ஊரின் கிழக்கே, என் தாத்தா வெட்டிய கிணறு ஒன்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் இருக்கிறது. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் எங்களுக்கு என்று முறைத் தண்ணீர். எழுதப்படாத அந்த ஏற்பாடு முப்பதாண்டுகள் பிசகின்றி நடந்தது.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணறு அடிமண்ணைக் காட்டிற்று. எங்கள் சின்ன வெங்காயம் வயலிலேயே வாடிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெரியப்பா மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார். அப்பா வழக்கறிஞரை நாடினார். அனுப்பப்பட்ட அறிவிப்பின் முதல் வரைவை எழுதியவன் சட்டக் கல்லூரி மாணவனாகிய நான். வாக்கியங்கள் கூர்மையாக அமைந்துவிட்டன என்று அப்போது மகிழ்ந்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது. வழக்கு பெரம்பலூர் நீதிமன்றம் சென்றது. இரு வீட்டிற்கும் இடையே பேச்சு நின்றது.

இந்நிலையில்தான் 2018 பிப்ரவரியில் எங்கள் கல்லூரி அணியில் ஒருவனாகப் பாரிசுக்குப் போனேன். பன்னாட்டு வர்த்தக சபை 2006 முதல் அங்கே மாணவர்களுக்காகச் சமரசப் போட்டி நடத்தி வருகிறது. சில நாட்களுக்கு முன் பெய்த பனி சாலையோரங்களில் அழுக்கேறிக் கிடந்தது. இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை எனக்குத் தோளில் நிற்கவில்லை.

வாதப் போட்டியை அறிந்த வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். இங்கே தீர்ப்புக் கூறும் நீதிபதி இல்லை. வணிக உறவு முறிந்த இரு நிறுவனங்களின் கதையை இரு அணிக்கும் கொடுப்பார்கள். அதனோடு எதிரணி அறியாத இரகசியக் குறிப்பு ஒன்றும் ஒவ்வோர் அணிக்கும் உண்டு. அணியில் ஒருவர் கட்சிக்காரர், மற்றவர் வழக்கறிஞர். நடுவே அமர்பவர் இதையே தொழிலாகக் கொண்ட உண்மையான சமரசர். எதிரியை வீழ்த்துவதற்கு மதிப்பெண் கிடையாது. சமரசரைப் பயன்படுத்தி, தம் தேவையையும் காத்து, எதிர்த்தரப்பின் தேவையையும் கண்டறிய வேண்டும்.

முதல் அமர்வில் நான் வழக்கறிஞர். கட்சிக்காரராக என் வகுப்புத் தோழி. சமரசர் அவளை நோக்கி, "இதில் உங்களை மிகவும் வருத்துவது எது?" என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் விடையளித்தேன். மறுபடியும் அவளைக் கேட்டார். மறுபடியும் நானே பேசினேன். மூன்றாம் முறை அவர் புன்னகைத்துக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டார். அமர்வு முடிந்தபின் மதிப்பிட வந்திருந்த அம்மையார் ஒருவர் சொன்னார்: "நன்றாகப் பேசினீர்கள். ஆனால் உங்கள் கட்சிக்காரருக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு இன்னும் தெரியாது." தோழி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது.

அடுத்தடுத்த அமர்வுகளில் சற்றுத் தேறினோம். முதற் சுற்றோடு திரும்பினோம். எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அறிவிப்பில் நான் எழுதிய பத்திகளை ஒவ்வொன்றாக நினைவில் புரட்டினேன். பெரியப்பா ஏன் பூட்டினார் என்ற கேள்வி ஒன்றில்கூட இல்லை.

ஊர் திரும்பிய வாரமே, அப்பாவிடம் சொல்லாமல் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். பெரியம்மா மோர் கொடுத்தார். "என்னப்பா, இன்னொரு நோட்டீசா?" என்றார் பெரியப்பா. "இல்லை பெரியப்பா. உங்களுக்கு என்ன வருத்தம்னு கேக்க வந்தேன்" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். பாரிசில் செய்யத் தவறியதை.

நெடுநேரம் கழித்துத்தான் பேசினார். கிணற்றை ஆழப்படுத்தியபோது பெரியம்மாவின் நகையை அடகு வைத்துச் செலவு செய்திருக்கிறார். "பங்கு குடுன்னு நான் கேக்கலை. 'அண்ணே, எவ்வளவு ஆச்சு'ன்னு உங்கப்பன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" தண்ணீரைப் பற்றி அவர் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.)

அப்பாவிடம் சொன்னேன். "நகையா? எனக்குத் தெரியாதேடா" என்று கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

வழக்கைச் சமரசத்திற்கு அனுப்புமாறு எங்கள் தரப்பிலேயே வேண்டினோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 முதல் அதற்கு வழி செய்கிறது. இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கிற்று. இதை நான் பாரிசில் பிற நாட்டு மாணவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். என் சொந்தக் கிணற்றுக்கு அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை. இப்போது 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஊர்ப் பகுதியின் அமைதியைக் குலைக்கும் பூசல்களுக்கும் சமூக சமரசம் என்ற வழியைச் சேர்த்திருக்கிறது.

அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லலாகாது என்பது விதி, ஆகவே எழுதவில்லை. நானும் உள்ளே செல்லவில்லை, வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். உடன்பாட்டில் இரண்டே செய்திகள்: பழைய முறைத் தண்ணீர் தொடரும், ஆழப்படுத்திய செலவில் பாதியை அப்பா இரண்டு வெள்ளாமையில் கொடுத்துத் தீர்ப்பார்.

கடைசித் தவணையைக் கொண்டுபோனபோது பெரியம்மா எண்ணிப் பார்க்காமலே முடிந்துகொண்டார். அப்பா இன்னும் அந்த வீட்டில் உட்கார்ந்து உண்பதில்லை, திண்ணையோடு சரி. மோட்டார் அறைச் சாவி மட்டும் இரு வீட்டிற்கும் பொதுவான சுவரில், ஓர் ஆணியில் தொங்குகிறது.