ஜவளகிரியும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கியும்

கிள்ளானில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான். தீபாவளிச் சாமான் வாங்க அங்கே போயிருந்த ஒரு நாள், பழைய புத்தகக் கடை ஒன்றில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். 1954-இல் வெளிவந்த வேட்டைக் கதைகள். எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். முதல் கதையின் தலைப்பிலேயே 'ஜவளகிரி' என்ற ஊர்ப் பெயர்! சாமான் வாங்க வந்ததையே மறந்து நின்றுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அந்தப் பெயரை என் தாத்தாவின் வாயில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அவர் 1937-இல், பன்னிரண்டு வயதில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜுலா கப்பலில் வந்தவர். "சேலம் ஜில்லா, தேன்கனிக்கோட்டை தாண்டி, ஜவளகிரிப் பக்கம்" என்பார். "பொழுது சாயும் முன்னே கதவைச் சாத்திடுவோம்டா. புலி! பெரிய துப்பாக்கியோட துரைமார் வருவாங்க" என்பார். எந்தத் துரை என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் கதை என்றுதான் நினைத்தோம்.

ஆண்டர்சன் யார் தெரியுமா? 1910-இல் ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி. பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை கிடைத்தால் சேலம் ஜில்லாக் காடுகளுக்குக் கிளம்பிவிடுவார். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தை என்று செய்தி வந்தால் துப்பாக்கியோடு புறப்படுவார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள். அது அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி செய்த 1895 மாடல் ரைபிள். ஜான் பிரௌனிங் என்பவர் வடிவமைத்தது. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். சுட்டதும் அதைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். பாய்ந்து வரும் புலி இரண்டாவது குண்டுக்கு அவகாசம் தராது அல்லவா? அந்த ஒரு நொடியில்தான் வேட்டைக்காரனின் உயிர் இருக்கிறது.

ஆண்டர்சனின் துப்பாக்கிக் குழல் .405 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர். சுட்டால் தோளில் ஓங்கி உதைக்கும் ரகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டு போனதும் இதே ரகம்தான். புதுப் புது ரைபிள்கள் வந்த பிறகும் ஆண்டர்சன் தம் பழைய வின்செஸ்டரை விடவில்லை.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியும் பெங்களூருக்கு விமானம் ஏறினோம். தாத்தா கப்பலில் நாள் கணக்காக வந்த கடலை நான்கு மணி நேரத்தில் தாண்டிவிட்டோம். பெங்களூரிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர். பிறகு தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஜவளகிரி. தாத்தா சொன்ன சேலம் ஜில்லா இப்போது இல்லை. 1965-இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இந்த ஊர்கள் கிருஷ்ணகிரியில் இருக்கின்றன. வழியெல்லாம் கேழ்வரகுக் கொல்லைகள். யானைக் காவலுக்கு மரத்தின் மேல் பரண்கள். பஸ்ஸில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்டன.

டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கேயிருந்துங்க வர்றீங்க?"

"மலேசியாங்க ஐயா. என் தாத்தா இந்தப் பக்கத்துக்காரர்."

"பினாங்குக்குப் போனவங்க பேரனா? உக்காருங்க, உக்காருங்க."

வேட்டைக்கார துரையைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். "எங்க அப்பா சொல்லுவாருங்க. துரைக்குப் பத்து நாள் லீவு. புலி ஆப்பிடலேன்னா பெங்களூருக்குப் போயிடுவார். நாங்க எங்கே போறது? மறுநாள் விறகுக்குப் போகணும், மாடு மேய்க்கப் போகணும். கையிலே கொடுவாள் ஒண்ணுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. தாத்தா சொன்ன இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. கிள்ளான் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டப் போன புதிதில், புலித் தடம் கண்டதாக லயத்தில் பேச்சு. விடிகாலைப் பிரட்டில் யாரும் நகரவில்லையாம். "புலி இருந்தா என்ன, மரம் காத்திருக்குமா?" என்று ஓர் அதட்டல். நெற்றி விளக்கும் உளியும் வாளியுமாக இருட்டுக்குள் போனார்கள். புலிக்குப் பயந்து ஊரை விட்டு வரவில்லை, பசிக்குப் பயந்து வந்தோம் என்பார் தாத்தா. வந்த இடத்திலும் வெறும் கைதான்.

ஆண்டர்சனைக் குறை சொல்லவில்லை. தனியே இரவு முழுதும் காத்திருந்தவர், புலியின் குரலில் தாமே கூவி அதை வரவழைத்தவர். பைரா என்ற காட்டுவாசியை நண்பன் என்று நெஞ்சாரச் சொன்னவர். பைராவிடம் இருந்ததோ ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி. ஆனால் புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது? 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எவனோ முன்பு சுட்ட குண்டினால் வந்த வினை என்று கார்பெட் எழுதினார். ஒரு துப்பாக்கி செய்த தவறை இன்னொரு துப்பாக்கி தீர்த்தது. இடையில் செத்தவர்கள் துப்பாக்கியே இல்லாதவர்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. ஆண்டர்சன் 1974-இல் காலமானார். நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டிலோ 150-க்கும் குறைவு என்று 2022-இல் கணக்குச் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், அந்தத் துப்பாக்கியைப் பார்த்தீங்களா?" இல்லையப்பா என்றேன். "உன் பாட்டி எந்த ஊரு?" என்று கேட்டேன். தெரியாது என்றான்.

வாசகர்களே, துப்பாக்கியின் பெயரும் துரையின் பெயரும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது? இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.