இருண்ட திரை சொன்ன கணக்கு

குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருப்பவர்களின் வீட்டில் எதைத் தொட்டாலும் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். காவிரியின் மறுகரையில் பவானி, தெற்கே பள்ளிபாளையம். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறியின் ஓசை. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது எங்கள் ஊரும் அதனோடு வந்தது. மாவட்டம் மாறினாலும் தூசி மாறவில்லை.

எங்கள் பட்டறையில் எட்டுத் தறிகள். தறியோட்டுவோருக்கும் தார் சுற்றுவோருக்கும் முன்பணம் கொடுத்து, வாரக் கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வது இப்பகுதியின் வழக்கம். அந்தக் கணக்கு முழுவதும் என் மேசையிலிருந்த பழைய கணினியில்தான் இருந்தது. முன்பெல்லாம் எழுதிவந்த பேரேட்டை நான் நிறுத்தி நெடுநாள் ஆகியிருந்தது.

ரமலானுக்கு முந்திய வாரம் வீடு முழுவதும் துப்புரவு நடந்தது. கணினியையும் விட்டுவைப்பானேன் என்று வியாழன் இரவு அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு மெத்தை போல் படிந்திருந்தது. தறிகளைச் சுத்தம் செய்யும் கம்ப்ரசர் குழாயை எடுத்து வேகமாகக் காற்றடித்தேன். நினைவகப் பட்டைகள் இரண்டையும் பிடுங்கித் துணியால் துடைத்து மீண்டும் செருகினேன். பெரிய காரியம் சாதித்த நிறைவோடு விசையைப் போட்டேன்.

விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "மதர்போர்டு போயிருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார், பெட்டியைப் பார்க்காமலேயே. நானோ, முன்தினம் கணினியில் பாடம் படித்த மகளைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் காலை, தார் சுற்றும் முதிய பெண்மணி வந்தார். "பாய், எம் பாக்கி இன்னும் ரெண்டாயிரத்து ஐந்நூறுதானே இருக்கும்? நாளைக்குக் கூலியில கொஞ்சம் கூடவே புடிச்சுக்குங்க" என்றார். என் நினைவோ நாலாயிரம் என்றது. "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பிவைத்தேன். அவர் சென்ற பின்னரே அச்சம் பிறந்தது. கணக்கு திரும்பக் கிடைக்காவிட்டால் யார் சொல் நிற்கும்? கூலி கொடுக்கும் என் சொல்தான் நிற்கும். அவருடைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என் மறதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜும்ஆ முடிந்து வந்தபோது மகள் பெட்டியருகே அமர்ந்திருந்தாள். "அத்தா, கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்கில். திரை வரவில்லை என்பதற்காக அது அழிந்துவிடாது. முதலில் எது வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றாள்.

மானிட்டர் சமிக்ஞை இல்லை என்று ஒரு வரி காட்டியது. ஆகவே அதற்கு உயிர் இருக்கிறது. கம்பியை இரு முனையிலும் கழற்றி இறுகச் செருகினோம், மாற்றமில்லை. ஆகவே பெட்டியிலிருந்துதான் படம் வரவில்லை. மின்செருகியைப் பிடுங்கி, எஞ்சிய மின்சாரம் வடிவதற்காக விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும் என்பதால், முதலில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டாள். பின்பு, "இந்தப் பட்டைகளைக் கழற்றினீர்களா, அத்தா?" என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன்.

இரண்டு பட்டைகளையும் எடுத்துவிட்டு விசையைப் போட்டாள். பெட்டி விட்டுவிட்டுக் கத்தியது. "நினைவகம் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்கிறதே, அப்படியானால் மதர்போர்டும் பிராசசரும் சாகவில்லை" என்றாள் மகிழ்ச்சியோடு. விசையைப் போட்டதும் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்வது பழைய ஏற்பாடு. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியே, எல்லாம் சரியென்றால் ஒரு சிறு ஒலி எழுப்பும்.

மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். நான் அடித்த காற்று பஞ்சை வெளியேற்றுவதற்குப் பதிலாகப் பட்டை செருகும் பள்ளத்துக்குள் தள்ளியிருந்தது. உலர்ந்த மென்தூரிகையால் அதை எடுத்தாள். பட்டையின் பொன்னிற விளிம்பை மாணவர் அழிப்பானால் இலேசாகத் தேய்த்துத் துகளை அகற்றினாள். வெட்டுக்குறியைப் பொருத்தி, இரு புறத்துக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினாள். நான் செருகியபோது ஒரு புறம் விழவேயில்லை.

ஒரே ஒரு சிறு ஒலி. திரை ஒளிர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

1947இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறி தடுமாறியபோது, அதன் உள்ளே சிக்கியிருந்த விட்டில்பூச்சி ஒன்றை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்களாம். எங்கள் ஊரில் பூச்சிக்குப் பதில் பஞ்சு.

கணக்கைத் திறந்தேன். அந்தப் பெண்மணியின் பாக்கி: 2,500 ரூபாய். அவர் சொன்னதே சரி. என் நினைவுதான் பொய்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கும் வசனம் (2:282) திருமறையிலேயே மிக நீளமானது என்பதை மேடைகளில் கேட்டிருக்கிறேன். நானும் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, ஒரே ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிறருடைய அமானிதத்தை இப்படியா வைப்பது?

சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவின்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். முன்பணம், பிடித்தது, மீதி மூன்றும் அதில் வாரந்தோறும் எழுதப்படுகின்றன. கணினிக் கணக்கும் மாதம் ஒருமுறை பென் டிரைவில் படியெடுக்கப்படுகிறது. கம்ப்ரசர் குழாய் கணினியின் பக்கம் வருவதில்லை. வேகக் காற்று பஞ்சை உள்ளே திணிப்பதோடு, குழாயில் தேங்கும் ஈரத்தையும் பாய்ச்சும், விசிறியையும் அளவுமீறிச் சுழற்றிக் கெடுக்கும்.

மகளிடம் அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அத்தா, அடுத்த முறை கொக்கி விழுந்ததா என்று பாருங்கள்" என்று சிரித்தாள்.