தூண்டிலும் வாளியும்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் பத்து காஜா, மாலிம் நாவார், கம்பார் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் பழைய ஈயக்குட்டைகள் பல உள்ளன. ஈயம் எடுப்பதற்காக ஒரு காலத்தில் தோண்டப்பட்ட பள்ளங்கள் அவை. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் ஈய மண் வாரும் கப்பல் 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1982ஆம் ஆண்டு வரை உழைத்தது. பின்னர் ஈயத்தொழில் ஓய்ந்தது. பள்ளங்களில் மழைநீர் நிறைந்தது. நீரில் மீன்கள் பெருகின. மீனைத் தேடி மனிதர்கள் மீண்டும் வந்தார்கள். இம்முறை கையில் தூண்டிலோடு.

அப்படி ஒரு குட்டைக்குத்தான் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில் ஒரு மாமாவும் மருமகனும் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மருமகன் மூன்றாம் படிவ மாணவன். மாமா தொழிற்சாலை ஊழியர். இருபது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர். வண்டியின் பின்னால் மூடியுள்ள பெரிய வாளி ஒன்றைப் பையன் கட்டி வைத்திருந்தான். அது எதற்கு என்று மாமா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவர்கள் தேடி வந்தது பீகாக் பாஸ் என்னும் மீன். அதன் வாலடியில் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். அதைச் சுற்றிப் பொன்னிற வளையம் இருக்கும். பார்ப்பதற்கு மயில் தோகையின் கண்ணைப் போலவே தெரியும். பெயர் வந்த காரணம் அதுதான். பாஸ் என்று அழைக்கப்பட்டாலும் அது அமெரிக்காவின் பாஸ் மீன்களுக்கு உறவில்லை. திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாயகம் தென் அமெரிக்கா. மனிதர்களின் கைவழியாகத்தான் அது நம் நாட்டு நீர்நிலைகளுக்கு வந்து சேர்ந்தது.

பையன் தன் சேமிப்புப் பணத்தில் வாங்கிய செயற்கை இரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெருமையோடு பரப்பினான். பளபளக்கும் பதினான்கு இரைகள் இருந்தன. மாமா அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். நீரின் மேற்பரப்பில் "ப்ளக்" என்று ஒலியெழுப்பிச் செல்லும் பாப்பர் ஒன்று. சிறுமீன் போல நீந்தும் மினோ ஒன்று. ஆழத்திற்கு இறங்கும் ஜிக் ஒன்று.

"மேலே, நடுவே, அடியே. மூன்று நிலைக்கு மூன்று இரை போதும், தம்பி," என்றார்.

"மற்றவை வீணா, மாமா?"

"வீண் இல்லை. ஆனால், பெட்டி நிறைய இரை இருந்தால் நீ நீரைப் பார்க்கமாட்டாய், பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்."

பிறகு அவர் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னார். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி நண்பர் ஒருவரோடு மீன் பிடிக்கச் சென்றார். வறுமைக் காலம் அது. இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில் கோல்தான். அதை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். அந்தக் கோலில் பெர்ரி பிடித்த பாஸ் மீன் பத்து கிலோவுக்கும் சற்று அதிக எடை கொண்டது. அது உலகச் சாதனையானது. அவருடைய குடும்பம் அந்த மீனைச் சமைத்து உண்டது. அந்த எடைக்கு ஈடான மற்றொரு பாஸ் மீன் பிடிபட எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா என்பவர் அதைப் பிடித்தார்.

"கருவி முக்கியம்தான். ஆனால், அதிகமான கருவி முக்கியமில்லை," என்று மாமா முடித்தார்.

அவர் கொண்டு வந்த கோல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் இருந்தது. நுனி வளையக்கூடியது, அடிப்பகுதி உறுதியானது. நுனி வளைந்தால்தான் இலேசான இரையைத் தொலைவில் எறிய முடியும். அடி உறுதியாக இருந்தால்தான் மீனை மரக்கிளைகளுக்குள் ஓடவிடாமல் திருப்ப முடியும். ரீலில் மெல்லிய பின்னல் நூல் சுற்றப்பட்டிருந்தது. அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்குக் கண்ணாடி போன்ற நைலான் நரம்பு இணைக்கப்பட்டிருந்தது. பீகாக் பாஸ் கண்ணால் கண்டு வேட்டையாடும் மீன். கண்ணுக்கு எளிதில் தெரியாத நரம்பு அதை ஏமாற்ற உதவும்.

இரையைக் கட்டும் வேலையைப் பையனே செய்தான். நரம்பை இரையின் வளையத்திற்குள் நுழைத்து, ஐந்து முறை முறுக்கி, முனையை முதல் கண்ணிக்குள் திருப்பி விட்டு இழுத்தான். அவசரத்தில் ஒரு படியை விட்டுவிட்டான். மாமா கவனிக்கவில்லை, குறட்டால் தூண்டில் முள்ளின் பின்பல்லை நசுக்கித் தட்டையாக்குவதில் அவர் மும்முரமாக இருந்தார். பின்பல் இல்லாவிட்டால் முள்ளை எளிதாகக் கழற்றலாம். அது மீனுக்கு நல்லது. தவறிக் குத்திக்கொள்ளும் மனித விரலுக்கும் நல்லது.

"எங்கே எறிவது?" என்று பையன் கேட்டான். நடுக்குட்டையைக் குறிபார்த்து நின்றான்.

"நடுவில் என்ன இருக்கிறது? தண்ணீர்தான் இருக்கிறது," என்றார் மாமா. "மீனுக்கு மறைவிடம் வேண்டும், இரை கடந்து போகும் வழியும் வேண்டும். அந்தச் சாய்ந்த மரத்தைப் பார். கோரைப்புல் முடியும் இடத்தைப் பார். கரை மூக்குப் போல நீருக்குள் நீண்டிருக்கிறதே, அதையும் பார்."

இருவரும் பத்து நிமிடம் எறியாமல் நின்று பார்த்தார்கள். ஓரிடத்தில் சிறுமீன்கள் வெள்ளிக்காசுகளை வீசியதுபோல் துள்ளிச் சிதறின. கீழே ஏதோ ஒன்று அவற்றைத் துரத்தியது. மாமா தலையசைத்தார்.

பையன் பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். கோலைத் தலைக்குப் பின் கொண்டுபோய், முன்னோக்கி வீசி, நூலைப் பிடித்திருந்த விரலை விடுவித்தான். முதல் எறி காலடியில் விழுந்தது. இரண்டாவது மரக்கிளையில் தொங்கியது. ஏழாவது எறி, சாய்ந்த மரத்திற்கு அப்பால் விழுந்தது. இரையை மரத்தை ஒட்டியே அவன் இழுத்து வந்தான். திடீரென்று நீர் வெடித்தது! கோல் வளைந்தது. அடுத்த நொடியே நூல் தளர்ந்தது. மீனும் இல்லை, இரையும் இல்லை.

மாமா நரம்பின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது பன்றியின் வால் போல் சுருண்டிருந்தது.

"முனை நேராக அறுந்திருந்தால் கல்லிலோ மரத்திலோ உரசியது என்று பொருள். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவிவிட்டது என்று பொருள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்தாயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உலர்ந்த நரம்பை இழுத்தால் உராய்வில் சூடேறி வலுவிழக்கும்; முடிச்சும் சரியாக இறுகாது. தெரிந்திருந்தும் விட்டுவிட்ட அந்தச் சிறிய படிதான் மீனைக் கொண்டு போயிற்று.

"அந்த மீன் வாயில் முள்ளோடு சாகுமா, மாமா?"

"பின்பல்லை நசுக்கினேன் அல்லவா? உதறினால் விழுந்துவிடும் என்று நம்பலாம். இனி நீ கட்டும் முடிச்சை நீயே இழுத்துப் பார்த்த பிறகு எறி."

இம்முறை அவன் பொறுமையாகக் கட்டினான். நனைத்தான், இறுக்கினான், இழுத்துப் பார்த்தான். ரீலின் இறுக்கத்தையும் மாமா சொன்னபடி சரிசெய்தான். நூல் தாங்கும் எடையில் கால் பங்கு அளவுக்கு இழுத்தாலே ரீல் நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்காத ரீல் பெரிய மீனிடம் தோற்றுப்போகும்.

வெயில் ஏறத் தொடங்கியது. கரையின் சில பகுதிகள் செங்குத்தாக இறங்கின. மணல் உறுதியற்று இருந்தது. பழைய குட்டைகளில் ஓரடி எடுத்து வைத்தாலே ஆழம் தொடங்கிவிடலாம். ஆகவே, விளிம்பிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்கும்படி மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தனியாக வரக்கூடாது, இடி முழங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும், அறுந்த நரம்பைப் பறவைகளின் காலில் சிக்கும்படி கரையில் போடக்கூடாது. இவை மூன்றும் அவருடைய கட்டளைகள்.

பத்து மணிக்குப் பையனின் கோல் மீண்டும் வளைந்தது. பீகாக் பாஸுக்கு வேகமாக ஓடும் இரைதான் பிடிக்கும் என்பதால், மினோவை அவன் விரைவாக இழுத்துக்கொண்டிருந்தான். மீன் இடப்பக்கம் ஓடியது. அவன் கோலை வலப்பக்கம் சாய்த்தான். அது ஓடும்போது விட்டுக்கொடுத்தான், ஓய்ந்தபோது சுற்றினான். சில நிமிடங்களில் கைவலைக்குள் வந்தது மீன். பச்சையும் பொன்னும் கலந்த உடல், மூன்று கறுப்புப் பட்டைகள், வாலடியில் அந்த மயிற்கண். அவன் கைகள் நடுங்கின. அரைமணி நேரத்தில் இன்னொன்றும் கிடைத்தது.

அப்போதுதான் வாளியின் இரகசியம் வெளிப்பட்டது. அவன் வாளியில் பாதி அளவு நீர் மொண்டு, இரண்டு மீன்களையும் உயிரோடு விட்டு மூடினான்.

"நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் விடப்போகிறேன், மாமா. அங்கே பெரிய மீனே இல்லை. இவை குஞ்சு பொரித்தால் அடுத்த ஆண்டு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. மீனும் சாகாது."

மாமா உடனே பதில் சொல்லவில்லை. வாளியின் அருகில் அமர்ந்தார்.

"உன் எண்ணம் நல்லதுதான். பனாமா நாட்டிலும் இப்படித்தான் தொடங்கியது," என்றார்.

பனாமா கால்வாயின் ஒரு பகுதி காத்தூன் ஏரி. 1967ஆம் ஆண்டுவாக்கில், குட்டையொன்றில் வளர்க்கப்பட்ட பீகாக் பாஸ் மீன்கள் தப்பி, சாக்ரெஸ் ஆற்று வழியாக அந்த ஏரிக்குள் புகுந்தன. சில ஆண்டுகளிலேயே அங்குக் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த சிறுமீன் இனங்கள் பல, ஏரியின் பெரும்பகுதியில் இல்லாமற்போயின. அவற்றை உண்டு வாழ்ந்த நீர்ப்பறவைகளும் பாதிக்கப்பட்டன. தாமஸ் சாரெட், ரொபர்ட் பெய்ன் என்னும் இரு அறிவியலாளர்கள் இதை 1973ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். சாதனை மீன் பிடிபட்ட பிவா ஏரியிலும் பாஸ் வெளியிலிருந்து வந்த மீன்தான். அங்கே பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விட இப்போது அனுமதியில்லை.

"நம் குளம் சின்னது, மாமா. அது ஏரியில்லையே?"

"ஆண்டிறுதி மழையில் அந்தக் குளம் நிரம்பினால் நீர் எங்கே போகும்?"

அவன் சற்று யோசித்தான். "ஓடைக்கு."

"ஓடை?"

"கிந்தா ஆற்றுக்கு." அவன் குரல் தணிந்தது.

"இந்த மீனிடம் ஒரு குற்றமும் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும் மீன் இது. அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது. நம் குளத்து மீன்களோ இப்படி ஒரு வேட்டைக்காரனைப் பார்த்ததே இல்லை."

"அப்படியானால் இங்கேயே விட்டுவிடலாமா?"

"சிலர் விடுவார்கள். வெளிநாட்டு மீன் என்பதால் நான் விடுவதில்லை. உண்ணும் அளவுக்கு மட்டும் பிடிப்பேன், அதோடு நிறுத்திக்கொள்வேன். நீ பிடித்தவை இவை. நீயே முடிவு செய். ஆனால், வேறு நீருக்கு மட்டும் கொண்டு போகாதே."

பையன் வாளியின் மூடியைத் திறந்தான். மயிற்கண்கள் நீருக்குள் அசைந்தன. காப்பாற்றுவதாக நினைத்த மீனைக் கொல்ல வேண்டியிருப்பது அவனுக்குக் கடினமாக இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "வேதனைப்படாமல் எப்படிச் செய்வது, மாமா?" என்று கேட்டான். மாமா கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தலையில் ஓங்கி ஒரே அடி அடிக்கும் முறையைக் காட்டினார். இரண்டாவது மீனை அவனே செய்தான். அன்று அவர்கள் அதன்பின் தூண்டில் போடவில்லை.

பாட்டி மீன்களைக் கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைத்தார். சுரங்க மண்ணின் உலோகங்கள் பழைய குட்டை நீரில் கலந்திருக்கலாம் என்பதால் மாமா அத்தகைய மீனை அடிக்கடி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அதனால் அது அந்த வீட்டில் அரிய உணவு. உண்ணும்போது பாட்டி பின்வாசலைக் காட்டிச் சொன்னார்: "உன் தாத்தா அந்தக் குளத்தில்தான் விரால் பிடிப்பார். பனையேறிக் கெண்டையும் கிடைக்கும். சின்ன மீன்தான், ஆனால், குழம்பு தெருமுனை வரை மணக்கும்."

மாலையில் பையன் வாளியைக் கழுவுவதற்காக எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனான். பெரிய மீனே இல்லை என்று அவன் நினைத்திருந்த குளம் அது. மாமா கற்றுக்கொடுத்தபடி பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நீரை மட்டும் பார்த்தான். தாமரையிலையின் ஓரத்தில் ஒரு சிறுமீன் மேலே வந்து, வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டு மறைந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று வந்தது.

அவன் வாளியைக் குளத்துநீரில் அமிழ்த்தவில்லை. வீட்டுக் குழாயடிக்கே திரும்பிக் கொண்டுபோய்க் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தான்.